ஃபார்மட் போடும் முன் நெட்வொர்க் டிரைவரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய கணினி வைத்திருப்பவர்கள் இனி என்ன செய்யலாம் என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். ஃபைல்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது, பென் டிரைவ் தயார் செய்வது, ஃபார்மட் போட்டுப் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) ஏற்றுவது என்று வரிசையாகச் சொல்லியிருந்தது உபயோகமாக இருந்தது. ஆனால் அதில் ஒரு படி விட்டுப்போய்விட்டது. அதைச் செய்யாமல் இறங்கினால் வாசகர் பாதி வழியில் நின்றுவிடுவார் என்பதால்தான் இந்தக் கடிதம். ஃபார்மட் போடுவதற்கு முன் அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு டிரைவரை, அதாவது இன்டர்நெட்டில் இணைக்கும் கார்டை ஓஎஸ் இயக்குவதற்கு வேண்டிய மென்பொருளை, தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சவுண்டு, டிஸ்ப்ளே, பிரிண்டர் என்று வேறு எந்த டிரைவர் இல்லாவிட்டாலும் இன்டர்நெட்டில் தேடி இறக்கிக்கொள்ளலாம். இது ஒன்று இல்லையென்றால் இன்டர்நெட்டே கிடையாது, அப்புறம் எங்கிருந்து இறக்குவது?

நான் விருதுநகர் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வகக் கணினிகள் போக, பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வரும் லேப்டாப்களும் என் மேசைக்கு வரும். 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தது இப்போது தம்பி தங்கை கையில் இருக்கும், இல்லையென்றால் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். அதிகம் கேட்கிற புகார் இதுதான்: "புதுசா ஓஎஸ் போட்டோம் சார், அதுல இருந்து வைஃபை காட்ட மாட்டேங்குது." ஒரு மாணவி அப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். வைஃபை கார்டு போய்விட்டது, போர்டிலேயே கோளாறு, மாற்றினால் நிறைய செலவாகும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவர், அந்தச் செலவுக்கு எங்கே போவார்?

லேப்டாப்பைத் திறந்து, அதில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜருக்குள் போய்ப் பார்த்தேன். 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று ஒரு வரி, அதன் ஓரத்தில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி. அதை டபுள் கிளிக் செய்தால் எரர் கோட் 28, அதாவது இந்தச் சாதனத்துக்கு டிரைவர் போடப்படவில்லை என்று விண்டோஸே சொல்கிறது. செத்துப்போன கார்டு பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே வராது. சரியான டிரைவரைப் போட்டதும் வைஃபை வந்துவிட்டது. கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, தெரியாமல்கூடச் சொல்லியிருக்கலாம். தெரியாமல் சொன்னாலும் பணம் போவது அந்த வீட்டில்தானே.

டிரைவர் என்பது கார்டோடு பேசத் தெரிந்த மென்பொருள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் எது கார்டின் கோளாறு, எது டிரைவரின் கோளாறு என்று பிரித்துப் பார்க்க வரும். கணினியை ஆன் செய்ததும் போர்டில் எந்தெந்தச் சாதனம் இருக்கிறது என்று ஓஎஸ் ஒவ்வொன்றாக விசாரிக்கும். ஒவ்வொரு சாதனமும் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண், தன் சிப்பின் எண் என்று இரண்டு எண்களைச் சொல்லும். இன்டெல்லின் எண் 8086, 1978ல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் அதே எண். தைவானில் இருக்கும் ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4. நம் ஊரில் விற்கும் ஏராளமான மதர்போர்டுகளில் ஒயர் செருகும் இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ரியல்டெக்கின் 8168 ரகச் சிப்தான். இந்த எண்களைச் சொல்வதற்குக் கார்டுக்கு டிரைவர் தேவையில்லை, அதனால்தான் அந்த லேப்டாப்பில் டிரைவர் இல்லாமலே 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரி வந்தது.

அடுத்து, தன்னிடம் இருக்கும் டிரைவர்களில் எது இந்த ஜோடி எண்ணுக்கு உரியது என்று ஓஎஸ் தேடும். விண்டோஸில் ஒவ்வொரு டிரைவரோடும் ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு ஃபைல் வரும். எந்தெந்தச் சிப்புக்கு அந்த டிரைவர் பொருந்தும் என்பது அதில்தான் எழுதியிருக்கும், நோட்பேடில் திறந்து நீங்களே படிக்கலாம். எண் பொருந்தினால் எஸ்ஒய்எஸ் என்று முடியும் உண்மையான டிரைவர் ஃபைல் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏறும், பொருந்தாவிட்டால் மஞ்சள் முக்கோணம்.

ஏறிய டிரைவர் முதலில் ரேமில் இடம் பிடிக்கும். காலி இடங்களை வரிசையாக ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை ஒரு வட்டப் பட்டியலாகக் கார்டிடம் கொடுக்கும், தண்ணீர் லாரி வருவதற்கு முன்னால் தெருவில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிடுவோமே, அந்த மாதிரி. ஒயரில் ஒரு பாக்கெட் (தகவலின் ஒரு சின்னத் துண்டு) வந்ததும் கார்டு பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தானாகவே அடுத்த காலி இடத்தில் அதை நிரப்பிவிட்டு, வந்திருக்கிறது என்று ஒரு இன்டரப்ட், அதாவது பிராசசரைக் கூப்பிடும் சிக்னல், கொடுக்கும். டிரைவர் வந்து நிரம்பியதை எடுத்து இன்டர்நெட் தொடர்பைக் கவனிக்கும் டிசிபி ஐபி பகுதியிடம் ஒப்படைத்துவிட்டு வேறு காலி இடத்தை வரிசையில் சேர்க்கும். ஒரு கிகாபிட் ஒயர் முழு வேகத்தில் ஓடினால் 1500 பைட் பாக்கெட்டுகளே நொடிக்கு 80,000க்கு மேல் வரும், மிகச் சின்ன பாக்கெட்டுகளாக இருந்தால் 14 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட் என்றால் பிராசசர் வேறு வேலையே பார்க்க முடியாது. அதனால் நன்றாக எழுதிய டிரைவர் முதல் இன்டரப்ட் வந்ததும் அதை நிறுத்திவைத்துவிட்டு வந்திருப்பதை மொத்தமாக அள்ளும், கூட்டம் குறைந்த பிறகு மறுபடி இன்டரப்டைத் திறந்துவிடும். அதே கார்டு, அதே ஒயர், டிரைவர் பதிப்பை மாற்றினால் மட்டும் வேகம் கூடுவதையும் குறைவதையும் பார்த்திருப்பீர்கள், பல நேரம் காரணம் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

வைஃபையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வைஃபை கார்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பிராசசர் இருக்கிறது, ஆனால் அதில் ஓட வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரைப் பல கார்டுகள் தம்மிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் டிஸ்கிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்ற வேண்டும். விண்டோஸில் இது டிரைவரோடு சேர்ந்தே வந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. லினக்ஸில் டிரைவர் கெர்னலோடு இருந்தும், ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாத ஒரே காரணத்தால் வைஃபை வராமல் போகும்.

சரி, ஃபார்மட் போடுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், சின்ன வேலைதான். டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதைத் திறந்து, வைஃபை, ஈதர்நெட் (ஒயர்) இரண்டுக்கும் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், அதில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்று எடுத்தால் நான் மேலே சொன்ன இரண்டு எண்களும் தெரியும். அந்தத் திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரைக் கொடுத்து, ஏற்றப்போகும் விண்டோஸுக்கான லேன் (ஒயர்), வைஃபை டிரைவர்களை இறக்கி ஜிப்பைப் பிரித்துப் பென் டிரைவில் போடுங்கள்.

பழைய மாடலுக்கு டிரைவர் கிடைக்கவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் கைகொடுத்தது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெபாசிட்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்தக் கணினியில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சில ஜிபி பிடிக்கும், அப்படியே மொத்தமாகப் பென் டிரைவுக்குக் காப்பி செய்துகொள்ளலாம். விண்டோஸ் 10ல் ஓடிய டிரைவர் பெரும்பாலும் விண்டோஸ் 11லும் ஓடும். 32 பிட்டில் எடுத்ததை 64 பிட்டில் போட முடியாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது ஓஎஸ் ஏற்றிய பிறகு மஞ்சள் முக்கோணம் உள்ள வரியில் ரைட் கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்' கொடுங்கள். 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று வந்தால் ஒயர், 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று வந்தால் பெரும்பாலும் வைஃபை. தானாகத் தேடச் சொல்லும் முதல் ஆப்ஷன் இங்கே உதவாது, இரண்டாவதாக இருக்கும் 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' என்பதை எடுத்து அந்தப் பென் டிரைவ் ஃபோல்டரைக் காட்டுங்கள், உள் ஃபோல்டர்களையும் சேர்த்துத் தேடச் சொல்லும் டிக் போட்டிருக்கட்டும். ஆயிரம் ஃபோல்டர் இருந்தாலும் எந்த ஐஎன்எஃப் பொருந்தும் என்று விண்டோஸே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும்.

எதுவும் எடுத்து வைக்காமல் ஏற்கெனவே ஃபார்மட் போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு ஆண்ட்ராய்டு போனும் டேட்டா கேபிளும் போதும், சார்ஜுக்கு மட்டும் ஆகிற மலிவுக் கேபிள் உதவாது. போனைக் கணினியில் செருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். கணினி அந்தப் போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும், அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அதையே பகிரும், மொபைல் டேட்டா செலவாகாது. அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் கார்டின் டிரைவரை அதுவே தேடிப் போட்டுவிடும். விண்டோஸ் 11 ஹோம் ஏற்றும்போது இன்டர்நெட் இல்லாமல் மேலே போகவிடாமல் ஒரு திரையில் நிறுத்திவிடும், அந்த இடத்தில்கூட இந்த வழி உதவும். ஃபார்மட் போடாமல் மேலேயே ஏற்றியவர்களுக்கு சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் பத்து நாள் போல இருக்கும், பழைய டிரைவர்ஸ்டோர் அதற்குள் அப்படியே கிடக்கும்.

விலையில்லா லேப்டாப்கள் போன்ற பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், புதிய தலைமுறைப் பிராசசர் கேட்கும். அவற்றுக்கு லினக்ஸ் நல்ல வழி. அந்த லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. லினக்ஸில் ஒயர் கார்டுக்குப் பெரும்பாலும் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அது தானாக வந்த வசதி கிடையாது, உட்கார்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1990களில் நாசாவின் காடர்ட் மையத்தில் வேலை பார்த்த டொனால்டு பெக்கர், கடையில் கிடைக்கும் மலிவான ஈதர்நெட் கார்டுகளுக்கு ஒவ்வொன்றாக டிரைவர் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். 1994ல் அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் சாதாரணக் கணினிகளைச் சேர்த்துப் பியோவுல்ஃப் என்ற கிளஸ்டரை, அதாவது ஒரே கணினிபோல வேலை செய்யும் கணினிக் கூட்டத்தை, கட்ட முடிந்ததற்கு அந்த டிரைவர்கள் பெரிய காரணம்.

வைஃபையில்தான் லினக்ஸ்காரர்கள் பல வருடம் சிரமப்பட்டார்கள். ஃபர்ம்வேர் கட்டற்ற மென்பொருள் (யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடியது) இல்லை என்பதால் டெபியன் என்ற லினக்ஸ் வகை தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் அதைச் சேர்க்காமலே வைத்திருந்தது. 2022ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12லிருந்துதான் சேர்க்கத் தொடங்கினார்கள். கொள்கை பெரியதுதான், அதை மதிக்கிறேன். ஆனால் முதல்முறை லினக்ஸ் போட்டுப் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு வைஃபை வராவிட்டால் அன்றோடு லினக்ஸை விட்டுவிடும் என்பதைக் கண்ணால் பார்த்திருப்பதால் அந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம்.

உபுன்டு என்ற லினக்ஸ் வகையில் பிராட்காம் வைஃபை இருந்தால் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற இடத்தில் போய்த் தேர்வு செய்ய வேண்டும், அதற்கும் முதல் தடவை போன் டெதரிங் வேண்டும். நம்பகமானதை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் ஆகியிருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் 'என்ரோல்' என்று ஒன்று வரும். அவசரத்தில் என்டர் தட்டித் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, நிதானமாக அதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

கார்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளவும் லினக்ஸ்தான் நல்ல வழி. உபுன்டு பென் டிரைவில் கணினியை பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' கொடுத்துப் பாருங்கள், டிஸ்கில் இருப்பதை நீங்களாகத் தொடாதவரை அது தொடாது. அங்கே வைஃபை பட்டியல் வந்துவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, யார் என்ன சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் சாதனமே காட்டவில்லையென்றால், பயோஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பு) அணைத்து வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம். டிரைவர் எல்லாம் சரியாக இருந்து நெட்வொர்க்கில் கணினிக்கு உரிய ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, மோடத்திடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம், கேபிளையும் மோடத்தையும் பாருங்கள்.

டிரைவரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் மட்டும் தயவுசெய்து கவனக்குறைவு வேண்டாம். கெர்னலுக்குள் ஓடுகிற எதற்கும் கணினி முழுவதும் கையில் இருக்கிறது. 2008ல் லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருக்கு, இ1000இ டிரைவரில் ஓடும் இன்டெல் கார்டுகளின் நிரந்தர நினைவகமே அழிந்து கார்டு செயலிழந்தது. கடைசியில் பார்த்தால் தப்பு டிரைவரில்கூட இல்லை, கெர்னலின் இன்னொரு பகுதி எழுதக் கூடாத இடத்தில் எழுதிவிட்டது. திறமையான ஆட்கள் நல்லெண்ணத்தோடு எழுதியதிலேயே இப்படி என்றால், தேடினால் முதலில் வந்து நிற்கும் முகம் தெரியாத 'டிரைவர் அப்டேட்டர்' சாஃப்ட்வேர்களை எந்த நம்பிக்கையில் உள்ளே விடுவது? 64 பிட் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே தயாரித்தவரை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னலில் ஏற்ற மறுக்கிறது, அது நம் பாதுகாப்புக்கு. அந்தச் சோதனையை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள் என்று சில வீடியோக்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், அதைக் கேட்காதீர்கள்.

வெளியே செருகும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குபவர்களும் பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாடலில் முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் ஒன்று, டிரைவர் வேறு வேறு. லினக்ஸில் இந்த டாங்கிளின் பழைய பதிப்பைச் செருகியதும் ஓடும் என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கினால் அது ஓட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வெர்ஷன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

லேப்டாப் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். மாடல் பழையதாகிவிட்டது என்பதற்காகச் சப்போர்ட் பக்கத்திலிருந்து டிரைவர்களை எடுத்துவிடாதீர்கள். சில எம்பி அளவுள்ள ஒரு ஃபைல் இல்லாததால் நன்றாக ஓடும் மெஷின் மூலையில் போய்விடுகிறது. ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர்களும் ஓஎஸ் போட்டுக் கொடுக்கும்போது பில்லிலேயே வைஃபை, லேன் சிப்களின் பெயரை எழுதி, அந்த டிரைவர்களை டி டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டுக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் மறுபடி உங்களிடம்தான் வருவார்.

உங்களுக்கு என் கோரிக்கை, அடுத்த முறை ஓஎஸ் மாற்றுவது பற்றி எழுதும்போது ஃபார்மட் என்ற படிக்கு முன்னால் இந்தப் படியைச் சேர்த்துவிடுங்கள். கடிதம் நீளமாகப் போய்விட்டது என்று தெரிகிறது, எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி டெதரிங் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள். ஏற்கெனவே உங்கள் கட்டுரையைப் பார்த்து ஃபார்மட் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.